கூலிக்கு அப்புறம் சேலை

எங்கள் பக்கம் மார்கழி பிறந்தால் எல்லோருக்கும் ஒரு கவலை உண்டு. மழைத்தண்ணீர் வடியாமல் நின்று சம்பாப் பயிர் தேறுமா, அழுகுமா? கிறிஸ்தவர்களாகிய எங்களுக்குக் கூடுதலாக இன்னொன்று. கிறிஸ்துமஸுக்குள் ஏழைகளுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும். வாசலில் நட்சத்திரம் கட்டுவது, கேரல் ரவுண்ட்ஸ் போவது, கேக்குக்குச் சொல்லி வைப்பது என்ற வரிசையில் அதுவும் ஒன்று. சேலை, வேட்டி, போர்வை, ஐந்து கிலோ அரிசிப் பை, கொடுப்பவர் படத்தோடு ஒரு பிளெக்ஸ். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நடவும் முடிந்து அறுவடையும் வராத அந்த வாரங்களில் கூலிக்காரர் வீட்டில் காசு புழங்காது. அப்போது கிடைக்கிற போர்வை போர்வைதான். பிளெக்ஸில் யார் படம் இருந்தால் என்ன, குளிர் போகும்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஆலய வளாகத்தில் நடந்த அப்படியொரு நிகழ்ச்சியில் டோக்கன் நோட்டு என் கையில் இருந்தது. பெயரைக் கூப்பிட்டால் ஒவ்வொருவராக வருவார்கள். போதகர் சேலையைக் கொடுப்பார். அத்தனை சேலையையும் நன்கொடையாகத் தந்த பெரியவர் பக்கத்தில் நிற்பார். போட்டோ எடுக்கும் பையன் "இங்க பாருங்க" என்பான். எல்லாம் சீராகத்தான் போனது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா வந்தார். நடவு, களையெடுப்பு என்று கூட்டத்தோடு வேலைக்குப் போகிறவர். கிறிஸ்தவர் இல்லை. சாதி மத பேதமின்றி என்று நாங்கள் அச்சடித்திருந்ததால் அவர் பெயரும் நோட்டில் இருந்தது. போதகர் சேலையை நீட்டினார். அந்த அக்கா கையை நீட்டவில்லை. பெரியவர் பக்கம் திரும்பவும் இல்லை. போதகரைப் பார்த்துச் சொன்னார்: "சேலை வேணாங்கய்யா. கார்த்திகையில களையெடுத்த காசு நிக்கிது. அதக் குடுக்கச் சொல்லுங்க. நானே ஒரு சேல எடுத்துக்கிறேன்."

சத்தம் போடவில்லை. பால்காரரிடம் நேற்றைய கணக்கைச் சொல்வதுபோல் சொன்னார். பெரியவர் சிரித்துச் சமாளித்தார். "குடுத்துடலாம், குடுத்துடலாம், எங்க போயிடப் போவுது. இப்ப இதப் பிடி." அந்த அக்கா டோக்கனை என் மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன்.

பணம் அந்த வாரமே ஒரு ஆள் மூலமாக அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே சேலையும் போனது. ஆனால் ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கியபோது, அந்தப் பெரியவர் வயலுக்குப் போன கூட்டத்தில் அந்த அக்காவைக் காணோம். யாரும் வராதே என்று சொல்லவில்லையாம். வா என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு இதைப் பற்றித்தான். அந்த அக்கா பொய் சொல்கிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை. பாக்கி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். "கேக்க வேண்டியதுதான், அதுக்கு இதுவா இடம்?" என்பதுதான் பொதுவான தீர்ப்பு. நல்ல மனிதர்கள், வாரம் தவறாமல் ஆராதனைக்கு வருகிறவர்கள் சொன்ன தீர்ப்பு. எனக்கு அது இன்றுவரை ஜீரணமாகவில்லை. அதே வாக்கியத்தை அவர் வரப்பில் நின்று சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. அன்பைப் பற்றிப் பாட்டுப் பாடி, ஜெபம் செய்து தொடங்கிய இடத்தில் சொன்னதால்தான் அது மரியாதைக் குறைவாகிவிட்டது. அன்பு நடக்கிற இடத்தில் கணக்குக் கேட்கக் கூடாது என்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஸ்வார்ட்ஸ் ஐயர் கொடுத்த காசு

வேதாகமம் நிச்சயமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம். பொழுது போவதற்குள் கொடு, அவன் ஏழை, அதை நம்பி இருக்கிறான் என்கிறது உபாகமம். யாக்கோபு நிருபம் இன்னும் காட்டம். வயல் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது. வயல், அறுப்பு, கூலி. டெல்டாவில் உட்கார்ந்து படித்தால் வேறு விளக்கவுரை எதுவும் தேவைப்படாத வசனம். ஆனாலும் எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் பிரசங்கம் ஒன்றில்கூட அதைக் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

எங்கள் சரித்திரமும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில், சிவகங்கைப் பூங்காவை ஒட்டி இருக்கிற ஸ்வார்ட்ஸ் ஆலயத்துக்குப் போயிருக்கிறவர்களுக்கு அந்தச் சலவைக்கல் சிற்பம் தெரியும். மரணப் படுக்கையில் கிடக்கும் கிழவர் ஸ்வார்ட்ஸின் கையை இரண்டாம் சரபோஜி பிடித்துக்கொண்டிருப்பார். சரபோஜியே ஃபிளாக்ஸ்மேன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்வித்தது. ராஜா வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பாதிரியார் பாதுகாவலராக இருந்தார், அந்தப் பிள்ளை கடைசிவரை நன்றி மறக்கவில்லை என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித்தந்தார்கள். நல்ல கதைதான். ஆனால் ஸ்வார்ட்ஸ் வாழ்க்கையில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு சம்பவம். அதற்குச் சிலை கிடையாது.

1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த ஜெர்மன் மிஷனரி அவர். பிறகு திருச்சி, அப்புறம் தஞ்சாவூர். 1780-இல் ஹைதர் அலி படையெடுத்து வந்த பிறகு தஞ்சைச் சீமை பாழானது. கோட்டைக்குள் பஞ்சம். தெருவில் பிணங்கள். இத்தனைக்கும் வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடுகளும் இருந்தன. ஆனால் குடியானவர்கள் கொண்டுவரத் தயாராக இல்லை. முன்பு கொடுத்த நெல்லுக்கும் மாட்டுக்கும் அவர்களுக்குக் காசு வந்ததில்லை. ராஜாவின் அதிகாரிகள் வாக்கையும் நம்பவில்லை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வாக்கையும் நம்பவில்லை. கடைசியில் ஸ்வார்ட்ஸைக் கேட்டார்கள். பணம் தருவது என் பொறுப்பு என்று அவர் ஊர்களுக்குக் கடிதம் அனுப்பினார். ஓரிரண்டு நாளில் ஆயிரம் மாடுகளும் 80,000 கலம் நெல்லும் வந்து சேர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

பஞ்சத்தில் நெல் சேர்த்தது பெரிய காரியம்தான். ஆனால் அவர் அதற்குக் கீழே போகிறபோக்கில் எழுதிய விஷயத்தில்தான் நான் நின்றுவிட்டேன். எல்லாம் முடிந்ததும், கையில் இருந்த அடுத்தவர் பணத்தையும் சேர்த்துப் போட்டு, வந்தவர்களுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துத் தீர்த்தார். அதற்கு மேல் ஒரு சின்ன அன்பளிப்பும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் பாக்கி, அப்புறம் அன்பளிப்பு. அன்பளிப்பை முன்னால் நீட்டி, "இப்ப இதப் பிடி" என்று பாக்கியைப் பின்னால் தள்ளியிருந்தால் அடுத்த முறை அவர் கடிதத்துக்கு ஒரு மாடும் அசைந்திருக்காது.

அவரை நான் புனிதராக்கவில்லை. கோட்டைக்குள் இருந்தது பசித்த ஜனங்கள் மட்டுமல்ல, கம்பெனிப் படையும்தான். அவர் கம்பெனிக்காகத் தூது போனவர். ஆலயத்துக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று ஜனங்கள் உட்கார்ந்ததை அவர் காலத்தில் யாரும் பெரிதாகக் கலைக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவருக்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, தாது வருஷப் பஞ்சத்தில் மாயவரத்தில் கஞ்சி ஊற்றியவர் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர். சொந்தக் கைப்பொருளைச் செலவழித்தார். சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதியார் மனம் உருகி அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார் என்பது மாயவரத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் விஷயம். ஆனால் அதே மனிதர் பஞ்சத்துக்கு வெகுமுன்பே, ஆங்கிலத்தில் கிடந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துப் போட்டவர். சாதாரண ஜனங்களுக்குத் தங்களுக்கு என்ன சேரவேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்? கஞ்சித்தொட்டியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். தீர்ப்புத் தொகுப்பை மறந்துவிட்டோம். எனக்கென்னவோ இரண்டும் ஒரே மனசிலிருந்து வந்ததாகத்தான் தெரிகிறது.

ஏலத்தில் போன பூசணிக்காய்

எங்கள் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்று ஒன்று உண்டு. முதல் பலன் என்று வீட்டில் காய்த்தது, வளர்த்தது எல்லாம் பீடத்துக்கு முன்னால் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு பூசணிக்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். ஒரு தார் வாழைப்பழத்துக்கு இரண்டு குடும்பம் போட்டி போட்டு விலையை எங்கேயோ கொண்டுபோகும். கைதட்டலும் சிரிப்புமாக ஊரே சந்தோஷமாக இருக்கிற நாள். எனக்கும் பிடித்த பண்டிகை. கர்த்தருக்கு என்றால் நம் கை தாராளமாகத் திறக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மறுநாள் காலையில் அதே கை, தள்ளுவண்டிக்காரரிடம் கால் கிலோ பீன்ஸுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும்.

இது கபடம் என்று நான் ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நாம் இரண்டு கணக்கு நோட்டு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஒன்று கர்த்தருடையது, இன்னொன்று கடையுடையது. ஏலம், காணிக்கை, சேலை எல்லாம் முதல் நோட்டில். கூலி, வாடகை, கடன் பாக்கி எல்லாம் இரண்டாவதில். முதல் நோட்டில் நாம் நிஜமாகவே நல்லவர்கள். அந்தப் பெரியவரும் நல்லவர்தான். சேலைக்கு அவர் செலவழித்த தொகையை விட அந்த அக்காவின் பாக்கி மிகக் குறைவாகத்தான் இருந்திருக்கும். பணம் இல்லாமல் அவர் நிறுத்திவைக்கவில்லை. களையெடுத்த காசு அவர் மனதில் கர்த்தருடைய நோட்டுக்குள் வரவே இல்லை.

பெரியம்மாவும் அந்த டம்ளரும்

இதற்கு நேரெதிரான ஒருவரை எனக்குத் தெரியும். என் பெரியம்மா. ஆறு மா, அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நிலம், பெரியப்பா போனபிறகு தானே நின்று சாகுபடி செய்தவர். பாடகர் குழுவில் இல்லை, பெண்கள் ஐக்கியத்தில் இல்லை, கோபம் வந்தால் வாய் கூசாது. போதகரே கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார். ஆனால் பொழுது சாய்ந்து பெண்கள் வயலிலிருந்து கரையேறி வாய்க்காலில் கால் கழுவும்போது பெரியம்மா சுருக்குப் பையோடு வரப்பில் நிற்பார். நாளைக்கு என்ற பேச்சே கிடையாது. ஒரு முறை ஒரு பெண், குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டு மத்தியானத்துக்கு மேல்தான் வயலில் இறங்கினார். சாயங்காலம் அவருக்கும் முழுக்கூலி. அந்தப் பெண் தயங்கி, "அரை நாள்தானேம்மா செஞ்சேன்" என்றார். பெரியம்மா எரிச்சலாக, "நடவு முடிஞ்சிடிச்சா இல்லையா? வச்சிக்க" என்றார். இரக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. புள்ளைக்கு உடம்பு எப்படி என்றுகூட அங்கே நின்று கேட்கவில்லை.

திராட்சத்தோட்டக்காரர் உவமையை நான் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் அதே ஒரு பணம். பிரசங்கம் எப்போதும் அங்கிருந்து பரலோகத்துக்கு ஏறிவிடும். கடைசி நேரத்தில் மனந்திரும்பினாலும் இரட்சிப்பு உண்டு என்று முடியும். இருக்கலாம். ஆனால் கதையைக் கீழேயே நின்று பார்த்தால் ஒன்று தெரியும். அந்தத் தோட்டக்காரர் காலையில் தொடங்கி ஐந்து முறை கடைத்தெருவுக்குப் போகிறார். ஒருவரும் எங்களை வேலைக்கு வைக்கவில்லை என்று நிற்கிறவர்களைப் பார்க்கிறார். அவர்களுக்கு அவர் தருமம் போட்டிருக்கலாம். போடவில்லை. வேலைக்குக் கூப்பிடுகிறார். சாயங்காலம் காரியஸ்தனைக் கூப்பிட்டு, கூலி என்றே கணக்கில் வைத்துக் கொடுக்கச் சொல்கிறார். ஒரு மணி நேரம் வேலை செய்தவன் அன்று வீட்டுக்கு ஒரு நாள் கூலியோடு போனான். யாருக்கும் கும்பிடு போடவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. நியாயத்துக்கு மேலே நிற்கிற இரக்கம் அது. ஆனாலும் நியாயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. பெரியம்மா அன்று வரப்பில் செய்தது அதுதான் என்று எனக்குப் பிற்பாடு பட்டது.

இத்தோடு நிறுத்தினால் பெரியம்மாவைப் பற்றி நல்ல கட்டுரையாக இருக்கும். ஆனால் அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் காப்பி. கூலியைக் கையில் வைத்துக் கொடுத்தவர் காப்பியை அந்த டம்ளரில்தான் ஊற்றினார். கடைசிவரை. என் சித்தப்பா மகள் ஒரு முறை கேட்டதற்கு, "அதெல்லாம் அப்படித்தான்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அந்த டம்ளர் பெரியம்மா கண்டுபிடித்தது அல்ல. தஞ்சாவூர்ச் சபைகளில், ஆராதனையில் எல்லோரும் பகிர்ந்து குடிக்கிற திருவிருந்துப் பாத்திரத்தையே அதே சண்டை பிடித்தது. யார் முதலில் குடிப்பது, யாருக்குப் பின்னால் யார், எந்தப் பக்கம் யார் உட்காருவது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை ஆலயத்துக்குள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, விடமாட்டோம் என்று சபையை விட்டு வெளியேறியவர்கள் பலர். படித்தவர்கள், பாட்டெழுதியவர்கள், வசனம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள். ஒரே பாத்திரத்தில் குடிப்பதை விடச் சபையை விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஆகவே, கூலியை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் அன்பு வந்துவிடும் என்று நான் சொன்னால் பெரியம்மா வீட்டு டம்ளர் குறுக்கே நிற்கும். கூலி வேண்டும். கூலியோடு தீராது என்பதும் உண்மை. சேலை கொடுத்த பெரியவர் எல்லோரையும் சகோதரி என்றுதான் மேடையில் கூப்பிட்டார், பெரியம்மா ஒருவரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இரண்டு பேரில் யாருடைய வயலுக்கு வேலைக்குப் போவாய் என்று அந்த அக்காவைக் கேட்டால் பதில் எனக்குத் தெரியும். அந்தப் பதிலோடு எங்கள் கடமை முடிந்துவிடாது என்பதும் தெரியும்.

டிசம்பர் 25

எங்கள் மண்ணில் டிசம்பர் 25 என்றால் இன்னொன்றும் இருக்கிறது. கீழ்வெண்மணி. 1968-இல் அதே கிறிஸ்துமஸ் இரவில், ராமையாவின் குடிசைக்குள் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் காரணம். நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் தரங்கம்பாடியிலும் அன்றிரவு ஆலயங்களில் விளக்கு எரிந்திருக்கும். எரித்தவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, எங்களுக்கு அதில் என்ன என்று ஒருவர் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். மறுவருஷம் விவசாயத் தொழிலாளர்களுக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1973-இல் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். நிலபுலனும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பின் போக்கு.

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் வெண்மணி நினைவிடத்துக்கு ஊர்வலம் போகும் பஸ்களும் ஆலயத்துக்குப் போகும் எங்கள் கார்களும் டெல்டாவின் அதே சாலைகளில்தான் எதிரும் புதிருமாகப் போகின்றன. முன்னணையில் பிள்ளை பிறந்ததை முதலில் கேட்டவர்கள் வயல்வெளியில் இராக்காவல் காத்த மேய்ப்பர்கள் என்று நாங்கள் பாடுகிறோம். அந்த இரவில் வயல்வெளி ஆட்களுக்கு எங்கள் மண்ணில் என்ன நடந்தது என்று எங்கள் ஆலயத்தில் ஒரு ஜெபத்தில்கூட நான் கேட்டதில்லை. பொது ஜெபத்தில் ஒரு வரி சேர்ப்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இந்த வருஷம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் எழுதுகிற ஜெபத்தில் அதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு பெண் உடனே எழுதியும் காட்டினாள். நன்றாக இருந்தது. எங்கள் தலைமுறையை விடத் தெளிவாக இருக்கிறார்கள்.

மற்றபடி, இந்த வருஷச் சேலைக்கு நன்கொடையாளர் பட்டியல் தயாராகிவிட்டது. வேலை செய்தவர்களுக்குப் பாக்கி வைத்திருக்கிறவரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்று ஒரு விதி வைக்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். அப்படிப் பார்த்தால் பட்டியலில் யார் மிஞ்சுவார்கள் என்று ஒருவர் சிரித்தார். அப்போது பொருளாளர், பாவம், நேர்மையான மனிதர், சிரிக்காமல் ஒன்று சொன்னார். "அப்ப முதல்ல நம்ம சபைகிட்டயே வாங்கக் கூடாது சார். கோயில்பிள்ளைக்கு ரெண்டு மாசச் சம்பளம் நிக்கிது. கிறிஸ்துமஸ் காணிக்கை வந்ததும் குடுக்கலாம்னு இருந்தோம்." ஆலயத்து வேலைகளைப் பார்க்கிற அந்தக் கோயில்பிள்ளை அப்போது வெளியே நட்சத்திரத்துக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் சேலை வேட்டிப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது, வேட்டி ஒன்று, துண்டு ஒன்று என்று. சம்பளத்தை இந்த வாரமே கொடுத்துவிட்டுத்தான் சீரியல் லைட்டுக்குப் பணம் எடுப்பது என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. இரண்டு பேருக்கு அதில் வருத்தம். போன வருஷத்தை விட விளக்கு குறைந்தால் ஊர் என்ன சொல்லும் என்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்ப உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.